கஸ்மாலம் என்றால் விழிக்கும் டிவி

கையே வைக்காமல் இயங்கும் டிவி ஒன்று செய்ய வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் முடிவானபோது, அதை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. ரிமோட் கிடையாது. கூப்பிட்டால் விழித்துக்கொள்ள வேண்டும். அறையில் வெயில் விழுந்தால் திரையின் வெளிச்சத்தைத் தானே கூட்டிக்கொள்ள வேண்டும், ஆள் வந்து உட்கார்ந்தால் தெரிய வேண்டும், யாராவது தூங்கினால் அதுவும் தெரிய வேண்டும். அதெல்லாம் பிறகு. முதலில் கூப்பிட ஒரு சொல் வேண்டும். எங்கோ ஓர் ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த யாரோ அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். "வணக்கம் டிவி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வீட்டில் ஐயா டிவிக்கு வணக்கம் வைக்கிறார்கள்? ஓட்டுக் கேட்டு வருகிறவர் வைப்பார், மேடையேறுகிறவர் வைப்பார். மீன் கழுவிக்கொண்டிருக்கிறவள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "வணக்கம் டிவி, கொஞ்சம் சத்தம் குறை" என்பாளா? மீட்டிங்கில் இதைச் சொன்னேன். எங்கள் பிரிவின் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், கோபமே வராத மனுஷர். "வேற நல்ல வார்த்தை நீங்களே சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். அப்போது என்னிடம் இல்லை.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு டிவி தொழிற்சாலையில், வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், வாக்கப்பட்டது பிள்ளைப்பாக்கம். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஒரே நிறுத்தத்தில் ஆளுக்கொரு கம்பெனி பஸ்ஸுக்கு நின்று நின்று பழகிய பழக்கம், கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். அங்கே ஓடும் பெரிய விசிறிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான். அத்தை முற்றத்தில் நின்று "இன்னாமே" என்றால் தெருமுனையில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் 'கஸ்மாலம்'. மழை பெய்தால் கஸ்மாலம், பெய்யாவிட்டால் கஸ்மாலம். பொங்கி வழிந்த பால், நிற்காமல் போன பஸ், பெற்ற பிள்ளை, எல்லாமே கஸ்மாலம்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் நான் சாப்பிடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். புது இடம், கேட்கக் கூச்சம். அத்தை வந்து பார்த்துவிட்டு, "அடிக் கஸ்மாலம், பசிக்கிதுன்னா கேட்டு வாங்கித் துன்ன மாட்ட?" என்று தட்டை வைத்துச் சோற்றைப் போட்டு, கறிக்குழம்பை ஊற்றினார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போய் எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, "இங்க என்னையக் கெட்ட வார்த்தை சொல்லி ஏசுதாவம்மா" என்றேன்.

"சோறு போட்டாவளா?" என்றாள் அம்மா.

"போட்டாவ. ரெண்டு தடவ குழம்பு ஊத்துனாவ."

"அப்பம் பேசாம இருட்டி" என்று போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் எனக்கே விளங்கிவிட்டது. அத்தை அந்தச் சொல்லைச் சொல்லாமல் "நீ சாப்டியாம்மா" என்று மரியாதையாகக் கேட்டால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தம். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. என் தோழிகள் மாமியாரைப் பற்றிப் புலம்பும்போது, நான் என் மாமியாரைப் பற்றிப் பெருமையடிப்பேன். அவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த அத்தைக்கு ஒருநாள் காலையில் வாதம் அடித்துவிட்டது. வலது கையும் காலும் பேச்சும் போயின. கால் மெல்ல மெல்லத் திரும்பியது, கோலூன்றி நடந்தார். கை திரும்பவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் பழுதில்லாமல் தப்பித்து நின்றது. அது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், கால் வலிக்கிறது என்றாலும் அதுதான். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று டாக்டர் குனிந்து கேட்டபோது, மணி அடித்த மாதிரி "கஸ்மாலம்" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். ஆள் பிழைத்ததே போதும் என்ற சந்தோஷத்தில் அப்போது எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தண்டலம் பக்கம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். பயிற்சி கொடுத்த பெண்ணுக்குச் சின்ன வயதுதான், ஆனால் பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "திட்டறது, சாமி பேரைச் சொல்றது, ஒண்ணு ரெண்டு எண்றது, இதெல்லாம் நாம யோசிச்சுப் பேசறதில்லக்கா. அதனால அடிபடாம நின்னுடும். அது வரட்டும். அதப் புடிச்சுக்கிட்டுத்தான் மத்த வார்த்தையெல்லாம் வரணும். அவங்க பேசாம மட்டும் உக்கார விட்றாதீங்க. வாயத் தொறக்காம இருந்தா இருக்கறதும் போயிடும்."

நாங்களும் அப்படியே விட்டோம். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ கஸ்மாலம் கேட்டது. அந்தச் சமயத்தில்தான் என் அப்பா அவரைப் பார்க்க ஊரிலிருந்து வந்தார்.

சம்பந்தி வருகிறார் என்று அத்தை காலையிலேயே தலைவாரிக்கொண்டு, நல்ல புடவை கட்டிவிடச் சொல்லி என்னிடம் ஜாடை காட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா வாழைத்தாரோடு உள்ளே நுழைந்தார். அத்தை கோலை ஊன்றி எழுந்தார். "வாங்க" என்று சொல்ல வேண்டும். அதற்காக உதட்டைக் கூட்டி, கண்ணை மூடி, முயற்சி செய்தது எனக்குத் தெரிந்தது. வந்தது, "கஸ்மாலம்."

அப்பா நல்லவர். காதில் விழாத மாதிரி, "இருக்கட்டும், இருக்கட்டும், உக்காருங்க" என்று தாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஆனால் அத்தையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பெண் கொடுத்தவரை வாசலில் "வாங்க" என்று சொல்லி வரவேற்காவிட்டாலே ஆயுசுக்கும் பேச்சு வரும். இவர் என்ன சொல்லிவிட்டார்! இடது கையால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா சாப்பிட்டு, ஊருக்குக் கிளம்பும்வரை கையை எடுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நான் கெஞ்சினேன், என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். "யம்மா, இன்னான்னா சொல்லு. திட்டுறதுன்னாலும் திட்டு" என்று மடியில் தலைவைத்துப் படுத்தார். அத்தை மகன் தலையைத் தடவினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் அத்தைக்குத் துணை டிவிதான். ரிமோட் இடது கைக்குப் படியவில்லை. எதையோ அமுக்கப்போய் எதையோ அமுக்கி, படம் போய், 'சிக்னல் இல்லை' என்ற நீலத் திரை வந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் நான் வரும்போது அந்த வெறும் நீலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு நேரமா அத்தே இப்படி இருக்கு?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலகத்துக்கெல்லாம் டிவி செய்து அனுப்புகிறோம், நம் வீட்டில் ஒருத்திக்குப் பார்க்க வழியில்லை.

எங்கள் புது டிவியைச் சத்தமான வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று கம்பெனியில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்கு எங்கள் வீட்டைவிடத் தோதான வீடு எது? வாசலில் கன்டெய்னர் லாரி, உள்ளே குக்கர், தலைக்கு மேலே டக் டக் என்று ஓடும் ஃபேன். மறுநாளே மேனேஜரிடம் கேட்டு, வேனில் ஏற்றிக் கொண்டுவந்து ஹாலில் மாட்டிவிட்டேன். அத்தை அதைப் பார்த்தார். "வணக்கம் டிவின்னு சொல்லணும் அத்தே" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மீட்டிங்கில் கேட்ட கேள்வியேதான் அந்தப் பார்வையில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில், நான் வணக்கம் வைத்துப் போட்டுவிட்ட சீரியல். அதில் வரும் சின்ன மருமகள் ஒரு சூழ்ச்சிக்காரி, யாருடைய மாத்திரையையோ மாற்றி வைக்கிறாள். திடீரென்று, "கஸ்மாலம்!" என்று ஒரு குரல். அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை டிவியை முறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி திரும்பி வந்து காயை எடுத்துக்கொண்டேன். மனிதர்களிடம்தான் வெட்கம், டிவியிடம் இல்லை. கூப்பிடும் சொல் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த டிவி அதை ஏற்கவில்லை. வீட்டில் அது பதிவு செய்திருந்த அத்தையின் குரலை வைத்து நான் பழக்கப் பழக்க, அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தது. விசாரித்தால், டிவிக்குள் ஒரு தடை இருக்கிறதாம். கெட்ட வார்த்தை எதுவும் காதில் விழுந்தால் விழாத மாதிரி இருந்துவிடுமாம். அதில் முதல் வரிசைக் கெட்ட வார்த்தைகளில் ஒன்றாக 'கஸ்மாலம்' இருந்தது. வணக்கம் டிவி என்று வைத்த அதே புண்ணியவான்களின் வேலை.

நேராக மேனேஜரிடம் போனேன். "அது திட்டற வார்த்தை இல்லீங்களா?" என்றார் அவர், சங்கடமாக.

"உங்க ஊருல திட்டு சார், எங்க ஊருலயும் திட்டு. இந்த ஊருல அது ஆளைக் கூப்புடுறது. சந்தேகம்னா வாங்க, லைன்ல கேப்போம்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கூட்டிப்போனேன். டீ இடைவேளை. டிவி பூட்டும் லைனில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். "கடைசியா யாரை நீங்க கஸ்மாலம்னு சொன்னீங்க?" என்று மேனேஜர் கேட்டார். அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. ஒருத்தி தன் கைக்குழந்தையைச் சொன்னேன் என்றாள். ஒருத்தி ஸ்கூட்டியை. இன்னொருத்தி, "எங்கூட்டுக்காரர சார், காத்தால. டிபன் பாக்ஸ மறந்துட்டுப் போய்க்கினே இருந்துச்சு, கூப்ட்டுக் குடுத்தேன்" என்றாள்.

மேனேஜர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "உங்க வீட்டு டிவிக்கு மட்டுங்க. வெளிய விக்கறதுக்கு இல்ல" என்றார். எனக்கு அது போதும்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அதே சூழ்ச்சிக்காரி வந்தாள். அத்தை வழக்கம்போல, "கஸ்மாலம்!" என்றார். டிவி சட்டென்று தன் சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, "சொல்லுங்க" என்றது. அத்தை திரும்பி என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி மெதுவாக, "கஸ்மாலம்?" என்றார். "சொல்லுங்க." அத்தை சிரித்தார். ஒரு பக்க வாயால், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சமையற்கட்டுக்குள் போய் அழுதேன்.

டிவி ஒவ்வொன்றாகக் கேட்கும். சத்தத்தைக் குறைக்கட்டுமா, வேறு சேனல் வைக்கட்டுமா? அத்தை "ம்" என்றால் செய்யும். நிம்மதியாக வேலைக்குப் போகும் தெம்பு எனக்கு வந்தது. சும்மா இருக்காமல் மேலும் மேலும் புத்தியை அதற்குள் ஏற்றினேன். என் வேலையே அதுதானே! அத்தை வந்து உட்கார்ந்ததும் தானே விழித்துக்கொள்ளும். சீரியல் நேரமானால் அந்தச் சேனலுக்குத் தானே போகும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து என் வீட்டுக்காரர் ஹாலில் பாய்போட்டுத் தூங்கினால், அவர் மூச்சை வைத்தே கண்டுபிடித்துச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். நான் தரையிலேயே நடக்கவில்லை.

பயிற்சிப் பெண்தான் முதலில் கேட்டாள். "என்னக்கா, நடுவுல நல்லா வந்துச்சே. இப்ப அந்த வார்த்தையே கம்மியாயிருக்கு?"

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து டிவியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "டிவி சூப்பராத்தான் கீது. கேக்காமயே எல்லாம் செய்யிது. அப்பால எங்கம்மா எதுக்குப் பேசும், சொல்லு? சும்மா குந்திகினு கீது" என்றார்.

சுருக்கென்றது. உண்மைதான். அத்தை கைக்கு வேலையில்லாமல் செய்யத்தான் புறப்பட்டேன், வாய்க்கும் வேலையில்லாமல் செய்து வைத்திருக்கிறேன். அந்த டிவியை அப்படியே தூக்கித் தெருவில் போட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. போடவில்லை. உட்கார்ந்து, ஏற்றிய புத்தியை ஒவ்வொன்றாக இறக்கினேன். தானே விழிக்காதே. தானே சேனல் மாற்றாதே. எவர் தூங்கினாலும் உனக்கென்ன, கத்து. "குறைக்கட்டுமா" என்று கேட்பதையும் எடுத்தேன். கூப்பிட்டால் சத்தத்தைக்கூடத் தாழ்த்தாமல் "சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன வேண்டும் என்று வாயால் சொல்லும்வரை காத்திரு. மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எல்லாரும் டிவிக்கு அறிவைக் கூட்டறாங்க, நீங்க குறைக்கறீங்களே!" என்றார். "எங்க வீட்டு டிவிக்கு மட்டும் சார்" என்றேன்.

அத்தைக்கு என்மேல் கோபம். கோலால் தரையைத் தட்டுவார். டிவியைக் காட்டி, என்னைக் காட்டி, நெற்றியில் அடித்துக்கொள்வார். டிவி "சொல்லுங்க" என்று காத்திருக்கும். இவர் "ம்" என்பார். அது "புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க" என்னும். இவர் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். நாங்கள் செய்வது கொடுமையோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. இந்த வாரத்தோடு எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவோம் என்று இரண்டு மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அவர் ஹாலில் பாயில் படுத்திருந்தார். நான் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், இரண்டு கையும் செதில். டிவியில் ஏதோ நகைக்கடை விளம்பரம் வந்து, மேளமும் நாதஸ்வரமுமாக வீடே அதிர்ந்தது. அவர் புரண்டு படுத்தார். அத்தை மகனைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கோலால் தட்டினார். நான் மீனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கஸ்மாலம்" என்றார் அத்தை.

"சொல்லுங்க."

அத்தை உதட்டைக் கூட்டினார். பிறகு, "பு..." என்று ஒரு சத்தம். மூச்சு வாங்கினார். "பு... புள்ள."

"புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க" என்றது டிவி.

"புள்ள. புள்ள தூ..." இடது கையால் பாயைக் காட்டினார், அந்தச் சனியனுக்குக் கண் தெரிகிற மாதிரி. "தூங்... தூங்கிது."

"புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. கோலை ஊன்றி எழுந்து நின்று, கேன்டீன் விசிறிகளுக்கு மேலே எழுந்த அந்தப் பழைய குரலில் கத்தினார்.

"எம்புள்ள தூங்கிது, கஸ்மாலம்!"

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். நான் செதில் கையோடு அப்படியே எழுந்து நின்றேன். பாயில் அவர் விழித்துவிட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர் கண்ணைத் திறக்கவில்லை. அம்மா சொல்லிவிட்டாரே, தூங்குகிறான் என்று.